பேட்டரிவாலா கேட்ட கேள்வி

உபயோகத்துக்கே வராத ஒரு பொருளைக் கழுவித் துடைத்துக் கட்டிக் காத்து, அதனாலேயே ஊர் முழுக்கப் பேர் வாங்கிக்கொண்டு போனவன் ஒருத்தனை எனக்குத் தெரியும். போர்ட் பிளேரில் எல்லோருக்கும் அவன் பேட்டரிவாலா. வங்காளிகள் அப்படித்தான் கூப்பிட்டார்கள், தெலுங்குக்காரர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள், கடைசியில் என் பெண்டாட்டியும் அப்படியே சொல்ல ஆரம்பித்தாள். சொந்தப் பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. இருக்கிற பெருமை அவனுக்குப் போதும்.

நான் விமான நிலையத்தில் டீசல் ஜெனரேட்டர் ஓட்டினேன். அந்தக் காலத்தில் ஊர் கரண்டை நம்பி அங்கே ஒன்றும் நடத்த முடியாது. காலையில் நான் கைப்பிடி போட்டுச் சுற்றினால்தான் வயர்லெஸ் ஆபீஸ் பேசும், ஆபீசர் தலைக்கு மேல் ஃபேன் சுற்றும், கேன்டீனில் லைட் எரியும். தகரக் கூரைக்குக் கீழே நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் நின்று நின்று என் இடது காது பாதி போய்விட்டது. இத்தனைக்கும் ஒருத்தனாவது ஷெட்டுப் பக்கம் எட்டிப்பார்த்து, நல்லா ஓடுதா என்று கேட்டிருப்பானா? கரண்ட் நின்றால் மட்டும், "அரே, பிஜ்லி கஹாங் கயா?" என்று நாலா பக்கத்திலிருந்தும் கத்துவார்கள்.

அவனோ விமானக் கம்பெனி ஆள், விமானத்துப் பேட்டரிகளைப் பார்த்துக்கொள்கிறவன். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்தவன். என்னை விடச் சின்னவன், என்னை விட உயரம், என்னை விட நிறம். அவனுடைய பேட்டரி ரூமுக்குச் சிமெண்டுத் தரை, இரண்டு ஜன்னல், மேலே ஃபேன். பேட்டரியிலிருந்து வருகிற ஆவி வெளியே போக வேண்டுமாம், அதற்கு ஃபேன். டீசல் புகை குடிக்கிறவனுக்கு எதற்கு ஃபேன்! ஆசிட் தெறித்து அவன் சட்டையெல்லாம் பொத்தல். அந்தப் பொத்தல்கூட அவனுக்கு அழகாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

கல்கத்தா விமானம் வந்து இறங்கினால் கேப்டன் நேரே அவன் ரூமுக்குப் போய்க் கை கொடுப்பார். ரசகுல்லா டின் கொண்டுவந்து தருவார். என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவார். அதுவும் சில நாள்தான்.

இத்தனைக்கும் அந்தப் பேட்டரி என்ன வேலை செய்கிறது? அப்போது வந்துபோன விமானத்துக்கு நாலு இன்ஜின். ஒவ்வொரு இன்ஜினிலும் ஒரு ஜெனரேட்டர் கூடவே சுற்றும். பறக்கும்போது வேண்டிய கரண்ட் எல்லாம் அந்த நாலும் கொடுக்கும். பேட்டரி இன்ஜினை எழுப்பிவிடும், அதோடு சரி. அதன் பிறகு நாலு ஜெனரேட்டரும் செத்துப்போனால்தான் அதற்கு வேலை. நாலும் ஒரே நேரத்தில் சாகுமா? நான் கேட்ட வரையில் அப்படி ஒரு நாள் எங்கள் பக்கம் வந்ததே கிடையாது. உழைக்கிறவனை விட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்து காத்திருக்கிறவனுக்கு மாலை போட்டால் எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

அவன் பேட்டரியைச் சோதிக்கும் விதம் ஒன்று இருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்துவிட மாட்டான். மிலிட்டரி லாரிகளில் கழற்றிப் போட்ட ஹெட்லைட் பல்புகளை வாங்கி, ஒரு பலகையில் வரிசையாகப் பதித்து வைத்திருந்தான். பேட்டரியை அதில் மாட்டிவிட்டு, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வான். பல்புகள் எவ்வளவு நேரம் வெளிச்சம் குறையாமல் எரிகின்றன என்று பார்ப்பான். "சும்மா இருக்கும்போது எல்லாப் பேட்டரியும் நல்லாத்தான் மீட்டர் காட்டும் அண்ணாச்சி. பாரத்தைத் தூக்கி வச்சாத்தான் வண்டவாளம் தெரியும்" என்பான். அந்தப் பல்பு வரிசையை வேடிக்கை பார்க்க பக்கத்து லம்பா லைன் குடியிருப்பிலிருந்து பெண்டுபிள்ளைகள் கிளம்பி வந்துவிடுவார்கள். தீபாவளி மாதிரி இருக்கிறதாம். அதே நேரத்தில் விமான நிலையம் முழுக்க எரிந்த விளக்கு என்னுடையது. அதை யார் பார்த்தார்கள்!

இன்னொரு கூத்தும் உண்டு. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவன் வீட்டில் ஒவ்வொன்றாக நிறுத்திவிடுவான். ரேடியோ கிடையாது, டீ கிடையாது, மெத்தை கிடையாது, செருப்பு கிடையாது. வெறும் கஞ்சியும் உப்பும். மாதா கோவில் ஆட்கள் அதை ஒருசந்தி விரதம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் முடிந்த பிறகும் இவன் நிறுத்தாததைப் பார்த்து ஃபாதரே வந்து, "என்னப்பா, ஏதும் வேண்டுதலா?" என்று விசாரித்தார்.

"இல்ல சாமி. லோடு குறைச்சுப் பாக்கேன்."

எதை நிறுத்தினால் எவ்வளவு தாங்கும் என்று ஒரு மனுஷன் தன்னிடமே சோதனை செய்வானா? இவன் செய்தான். அந்தச் சோதனையிலிருந்து வந்ததுதான் அவனுடைய கேள்வி. டீக்கடையானாலும் சரி, கல்யாண வீடானாலும் சரி, பக்கத்தில் அகப்பட்டவனைப் பிடித்துக்கொள்வான். "எல்லாம் போயிட்டுன்னு வைங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் எரியும். எதை வச்சுக்கிடுவீங்க?" மிட்டாய்க்கடை வங்காளி யோசிக்காமல், "கடாய்" என்றார். மீன் விற்கிற தெலுங்குக்காரர் படகு என்று சொல்லிவிட்டு, வீட்டில் சொல்லிவிடாதே என்று கெஞ்சினார். என்னிடமும் கேட்டான்.

"எல்லாம் ஏன் வே போகுது? ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்லா" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எனக்கும் அவனுக்கும் உள்ள கணக்கு அங்கேதான் இருக்கிறது.

என் மனைவியைத் திருநெல்வேலியிலிருந்து கப்பலில் கூட்டி வந்தேன். வழியெல்லாம் வாந்தி. வந்த மறுவருஷம் முதல் பிள்ளை, அடைமழைக் காலத்தில், பிறந்து தங்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் சிரிப்பதை விட்டுவிட்டாள். கேட்டதற்குப் பதில், பசித்ததற்குச் சோறு, அவ்வளவுதான். மறுபடி உண்டானபோது, கல்கத்தாவில் ரயில்வேயில் இருந்த அவள் அண்ணன், பிரசவத்துக்கு இங்கே அனுப்புங்கள் என்றார். அவள் அம்மாவும் அங்கே வந்து காத்திருந்தாள். கப்பல் வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விமானம்தான் வழி.

அவள் ஒரே பிடியாக நின்றாள். "நான் ஏறமாட்டேன். நடுக்கடல்ல நின்னுட்டா?"

"ஒண்ணும் ஆகாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? போன தடவையும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னீங்க."

அவள் அதோடு விடவில்லை. "ஏத்தி விட்டா ஏத்தி விடுங்க. ஆனா போனா திரும்பி வரமாட்டேன். இந்த ஊரு எனக்கு வேண்டாம்" என்றாள். சண்டை போடுகிற குரலில் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

இந்த நேரத்தில்தான் அவன் வந்தான். எதற்கோ ஸ்பேனர் கேட்டு வந்தவன் அடுப்படி வரைக்கும் போய்விட்டான். அவளை மைனி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவான். அக்கா என்று கூப்பிட்டால் நாக்கு வெந்துவிடுமா? "என்ன மைனி, முகம் வாடிக் கிடக்கு?" என்று ஆரம்பித்து, விஷயத்தைக் கறந்துவிட்டான். நான் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லிக் களைத்திருந்தேன். இவன் மணைப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பயப்பட என்னவெல்லாம் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தான்.

முறத்தில் நாலு வெங்காயத்தை எடுத்து வைத்தான். என் வீட்டு வெங்காயம்.

"இது நாலும் ஜெனரேட்டர் மைனி. ஒண்ணு போயிட்டு." ஒன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான். "என்ன ஆகும்?"

அவள் முறத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியாது. மத்த மூணும் பாரத்தைப் பங்கு போட்டுக்கிடும். இன்னொண்ணும் போயிட்டு. இப்பதான் கேப்டன் சிக்கனம் பிடிப்பாரு. டீ போடுத அடுப்பை நிறுத்திருவாரு. ஆளுங்க உக்காந்திருக்க இடத்துல லைட்டை அணைச்சிருவாரு. அது கெட்டுப் போயி அணையல. அவரா அணைக்காரு. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க."

"மிச்சம் ரெண்டும் போனா?" அவள்தான் கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளாக ஒரு கேள்வி கேட்டு மாசக்கணக்கு ஆகியிருந்தது.

"அப்பதான் நம்ம ஆளு வருவாரு." கருப்பட்டித் துண்டு ஒன்றை முறத்தின் நடுவில் வைத்தான். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் என் அம்மா அனுப்பிய கருப்பட்டி. "பேட்டரி. இது பாவம், எல்லாத்தையும் தாங்காது. அரை மணி நேரம் போல நிக்கும். அதனால கேப்டனுக்கு எது இல்லாட்டா முடியாதோ அதுக்கு மட்டும் குடுக்கும். தரையோட பேச வயர்லெஸ். தீப்பிடிச்சா சொல்லுத மணி. அப்புறம் மேகத்துக்குள்ள எது மேல எது கீழன்னு காட்டுத ஒரு கருவி. அதுக்கு வேற மாதிரி கரண்ட் வேணும், அதை மாத்திக் குடுக்க ஒரு சின்ன மோட்டாரும் இருக்கு."

"இன்ஜின் நின்னுராதா?"

"நிக்காது. ஒரு தடவை பத்திக்கிட்டா அது பாட்டுக்கு எரியும். கரண்ட் இல்லாட்டா பிளேன் விழாது மைனி, கண்ணு தெரியாத ஆளு மாதிரி ஆயிரும். அவ்வளவுதான்."

"பேட்டரியும் தீந்து போனா?"

"காந்த ஊசி இருக்கு. வடக்கு எங்கன்னு காட்ட அதுக்கு யாரும் கரண்ட் குடுக்க வேண்டாம்." சொல்லிவிட்டு, பேட்டரியாக இருந்த கருப்பட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "நம்ம ஆளு தீந்து போனாரு!"

அவள் சிரித்தாள். சத்தம் போட்டுச் சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. ஒரு வருஷமாக நான் தலைகீழாக நின்றும் வராத சிரிப்பு, என் அம்மா அனுப்பிய கருப்பட்டியைத் தின்ற வாய்க்கு வந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை. முறத்தைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

கிளம்பும்போது கேட்டான். "மைனி, எல்லாம் போயிட்டுன்னா நீங்க எதை வச்சுக்கிடுவீங்க?" அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே நின்றாள். மறுநாள் காலையில் பெட்டியை எடுத்து வைத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

இப்போதைய விமானங்களைப் பற்றி என் மருமகன் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் அந்த வேலையில்தான் இருக்கிறார். வாலுக்குள் ஒரு குட்டி இன்ஜின் கரண்ட் எடுக்கவே இருக்கிறதாம். அதுவும் கைவிட்டால் வயிற்றுக்கடியிலிருந்து ஒரு காற்றாடி வெளியே இறங்கி, விமானம் போகிற வேகக் காற்றிலேயே சுற்றி, உயிர் போகாத அளவுக்குக் கரண்ட் கொடுக்குமாம். சாப்பாட்டு மேசையில் அவர் இதை விளக்கிக்கொண்டிருந்தார். கிழவி ஆகிவிட்ட என் மனைவி குறுக்கே புகுந்து, "பேட்டரி இப்பவும் உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்றார். அவள் முகத்தில் வந்த திருப்தியைப் பார்க்க வேண்டுமே! நான் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அவள் புறப்பட்ட நாளுக்கு வருகிறேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கல்கத்தாவிலிருந்து வந்து இறங்கிய கேப்டன், அங்கே இன்ஜின் எழுந்திருக்கக் கொஞ்சம் சோம்பல் பட்டது என்று போகிற போக்கில் சொன்னார். அது போதாதா அவனுக்கு? விமானத்துப் பேட்டரியைக் கழற்றித் தன் ரூமுக்குத் தூக்கிப் போய்விட்டான். மீட்டரில் பார்த்தால் சரியாக இருக்கிறது. அவன் கேட்கவில்லை. பல்பு பலகையில் மாட்டி, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"அரே பாய், ஜஹாஜ் கப் உடேகா?" என்று, விமானம் எப்போது கிளம்பும் எனக் கேட்டுப் பிரயாணிகள் கத்தினார்கள். மலையாளி ஆபீசர், மழை பிடித்துக்கொண்டால் இன்றைக்கு விமானமே இல்லை என்று குதித்தார். நானும் ஓடினேன்.

"மீட்டர் சரியாத்தானே வே காட்டுது? என் பெண்டாட்டி வயித்துப் பிள்ளையோட வெயிலுக்கும் மழைக்கும் நடுவுல உக்காந்திருக்கா. உம்ம வித்தையை இன்னைக்கா காட்டணும்?"

அவன் திரும்பவே இல்லை. "பாருங்க அண்ணாச்சி" என்று பல்புகளைக் காட்டினான். வரிசை முழுக்கச் சிவந்து மங்கிக்கொண்டிருந்தது. தன் ரூமில் தயாராக வைத்திருந்த பேட்டரியைத் தூக்கிக்கொண்டு விமானத்துக்கு ஓடினான்.

அவள் போய்விட வேண்டும் என்றும், மழை வந்து போகாமல் நின்றுவிட வேண்டும் என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டிருந்தவன் நான். மழை வரவில்லை. விமானம் போய்விட்டது. படியேறும்போது அவள் திரும்பிப் பார்த்துக் கை அசைத்தாள். எனக்கா, இறக்கைக்கு அடியில் கை துடைத்துக்கொண்டு நின்ற அவனுக்கா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

பெண் பிறந்தது என்று தந்தி வந்தது. எப்போது வருவாய் என்று நான் எழுதியதற்குச் சரியான பதில் இல்லை. மச்சான், இங்கேயே இருக்கட்டும், நீங்களும் மாற்றல் வாங்கப் பாருங்கள் என்றார். விமானம் வருகிற நாளெல்லாம் ஷெட் வாசலில் நின்று இறங்குகிறவர்களைப் பார்ப்பேன். மழைக்காலம் முழுக்கப் பார்த்தேன். அவனும் தன் ரூம் வாசலில் நின்று பார்த்தான். நீ ஏன் பார்க்கிறாய் என்று அவன் சட்டையைப் பிடிக்காததுதான் பாக்கி.

ஒருநாள் இறங்கினாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒல்லியாக, கறுத்துப்போய், நேரே என் ஷெட்டுக்கு வந்தாள். அந்தச் சத்தத்தில் அவள் என்னவோ சொன்னாள், எனக்குக் காதில் விழவில்லை. அழுகையை மறைக்க நான் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவனும் பிள்ளை பார்க்க வந்தான். கல்கத்தா போகும்போது விமானத்தில் நடந்ததை அப்போதுதான் சொன்னாள். பாதி வழியில் கரும் மேகத்துக்குள் போனார்களாம். பொழுது சாய்ந்த மாதிரி இருட்டு. உள்ளே லைட் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்ததாம். டீ கொண்டு வந்த பெண் அப்படியே திரும்பிப் போனாளாம். பக்கத்தில் இருந்த வங்காளிக் கிழவி இவள் கையைப் பிடித்துக்கொண்டு காளியைக் கூப்பிட்டாளாம்.

"நான் அந்த அம்மாகிட்ட சொன்னேன். லைட்டைக் கேப்டன் அவராத்தான் அணைச்சாரு, கெட்டுப் போகலன்னு. எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியில சொன்னேன். அந்த அம்மாவுக்குக் காட்ட வெங்காயம் கிடைக்கல, நாலு விரலைக் காட்டினேன்."

"பேட்டரி காப்பாத்திட்டுன்னு சொல்லு" என்றேன் நான், வேண்டுமென்றே.

அவன் வேகமாகத் தலையாட்டினான். "சேச்சே, அது வரைக்கும் போயிருக்காது அண்ணாச்சி. ரெண்டு ஜெனரேட்டர் மக்கர் பண்ணியிருக்கும். மிச்சம் ரெண்டு இழுத்துக்கிட்டுப் போயிருக்கும். உங்களை மாதிரி." அவனாகப் பீற்றிக்கொண்டிருந்தால் நான் ஆசை தீரத் திட்டியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை பாவி.

அதற்கு அடுத்த வருஷம் தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில் புதுக் குடியேற்றம் எழுந்துகொண்டிருந்தது. அங்கே வயர்லெஸ் நிலையத்துக்குப் பேட்டரி பார்க்க ஆள் கேட்டார்கள். பட்டாளத்திலிருந்து வந்தவர்களையும் காட்டையும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. யாரும் போக மாட்டேன் என்ற இடத்துக்கு இவன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கை தூக்கினான். ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு வழியனுப்பப் போனோம். ஊரே வந்திருந்தது. நான் எங்கேயாவது போனால் யார் வருவார்கள் என்று தலைகளை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவன் கையில் ஒரு டிரங்குப் பெட்டி, அந்தப் பல்பு பலகை. வேறு சாமானே இல்லை.

குழந்தையைக் கொஞ்சிவிட்டு, ஏணிப்படியில் கால் வைத்தவன் திரும்பினான். "மைனி, அன்னைக்குக் கேட்டேனே, நீங்க இன்னும் பதில் சொல்லலியே."

"அன்னைக்கு லைட் அணைஞ்சப்பவே முடிவு பண்ணிட்டேன் தம்பி." அவள் தாடையால் என்னைக் காட்டினாள். "இந்தா நிக்காருல்லா, இந்தச் சிடுமூஞ்சியைத்தான். இல்லாட்டா எதுக்குத் திரும்பி வாரேன்?"

ஜெட்டி முழுக்கச் சிரித்தது. அவள் எல்லோரையும் விட அதிகம் சிரித்தாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஊர் பார்க்க, அவன் பார்க்க, என் பெயரைச் சொல்லாமல் என்னைச் சொல்லிவிட்டாள். ஜெயித்துவிட்ட தெம்பில் முதல் தடவையாக நான் அவனைப் பார்த்துக் கேட்டேன்.

"உமக்கு வே? எல்லாம் போயிட்டா நீரு எதை வச்சுக்கிடுவீரு?"

அத்தனை வருஷத்தில் யாரும் அதை அவனிடம் திருப்பிக் கேட்டதில்லை போலிருக்கிறது. பெட்டியைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான்.

"எனக்கா? அணைக்கதுக்கு என்கிட்ட என்ன இருக்கு அண்ணாச்சி?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

கப்பல் விலகுகிற வரைக்கும் கை அசைத்தோம். திரும்பிப் பார்த்தால் என் மனைவியின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது. என்னைச் சொன்னபோது சிரித்தாள், அவன் சொன்னதற்கு அழுதாள். அந்தப் பயலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.